அசோசியேஷன் மகாத்மியம்

கீழ்க்கட்டளையில் நான் குடியிருக்கும் அடுக்கு வீட்டின் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. பகல் முழுவதும் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையோடு மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பும் உபாத்தியாயருக்கு, வாசலிலும் ஒரு கரும்பலகை காத்திருப்பது விதியின் பரிகாசம் என்றே சொல்ல வேண்டும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. பள்ளிக்கூடத்தில் நான் எழுதுவேன், பிறர் படிப்பார்கள். இங்கே பிறர் எழுதுவார்கள்; நான் படிப்பேன். "மொட்டை மாடியில் வடாம் காயப் போட்டவர்கள் மாலை 5 மணிக்குள் எடுத்துவிட வேண்டும்." "லிப்டில் சைக்கிள் ஏற்றலாகாது." "மெயின்டனன்ஸ் பாக்கிதாரர்களின் ஜாபிதா கீழே காண்க." இத்தகைய கட்டளைகள் நாள்தோறும் பிறக்கும். ஊரின் பெயரே கட்டளை. ஆகவே யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

சென்ற மாதம் என் பழைய சிநேகிதர் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். அரசாங்க உத்தியோகத்தில் இருபத்தைந்து வருஷம் மிச்சம் பிடித்த பணம் அவர் கையில் இருந்தது. மேடவாக்கம் பக்கத்தில் அடுக்கு வீடு வாங்குவதா, இன்னும் உள்ளே தள்ளிச் சென்று தனி மனை வாங்கி வீடு கட்டுவதா என்பது அவருடைய கவலை. "வீட்டைப் பற்றி எனக்குப் பயமில்லை, அந்த அசோசியேஷனை நினைத்தால்தான் பயமாயிருக்கிறது. நல்லதா, கெட்டதா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். ஒரு வருஷம் நான் அந்தச் சங்கத்தின் காரியதரிசியாக இருந்து கஷ்டப்பட்டவன் என்பது அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தையில் சொல்ல என்னால் முடியவில்லை. அவருக்குச் சொன்னதையே இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்கிறேன்.

அடுக்கு வீடு வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது என்ன? நான்கு சுவர்களுக்கு உட்பட்ட இடம் அவருக்கே உரியது. அஸ்திவாரம், மாடிப்படி, லிப்டு, தரைக்கடியிலுள்ள சம்ப், மோட்டார், மொட்டை மாடி, மதிற்சுவர் ஆகியவை எல்லாருக்கும் பொது. அடியிலிருக்கும் மனையிலோ ஒவ்வொருவருக்கும் "பிரிக்கப்படாத பங்கு" என்று பத்திரம் சொல்லும். ஐந்நூறு சதுர அடி பங்கு என்றால், அந்த ஐந்நூறு அடி எங்கே இருக்கிறது என்று ஒருவராலும் பாய் விரித்துக் காட்ட முடியாது. ஒன்றாக உண்டு ஒன்றாக உறங்கிய கூட்டுக் குடும்பத்தை விட்டுத் தப்பி வந்தவர்கள், பட்டணத்தில் பணம் கொடுத்து மறுபடியும் ஒரு கூட்டுக் குடும்பத்தில் சேர்கிறார்கள். அந்தக் குடும்பத்திலாவது பாட்டனார் ஒருவர் இருந்தார். இங்கே எல்லோரும் பாட்டனார்களே!

கட்டிக் கொடுத்தவர் கடைசிச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போன மறுநாள் மோட்டார் நின்றுவிட்டால், அதைப் பழுது பார்ப்பது யார்? அந்தக் கேள்விக்கு விடையாகத்தான் சங்கம் பிறக்கிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான சங்கங்கள் 1975-ம் வருஷத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவானவை. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். உபவிதிகள் வகுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மகாசபை கூட்ட வேண்டும். வரவு செலவுக் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். இவற்றுள் கடைசிக் காரியத்தை மறந்து, பல வருஷங்களுக்குப் பின் விழித்துக்கொண்ட சங்கங்கள் பல. அடுக்கு வீடுகளுக்கென்றே 1994-ல் ஒரு தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2022-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டடம் பழசாகி இடித்துக் கட்ட வேண்டி வந்தால், மூன்றில் இரண்டு பங்குச் சொந்தக்காரர்கள் இசைந்தால் போதும் என்பது அதன் முக்கிய அம்சம். ஒரே ஒருவர் பிடிவாதம் பிடித்தால் மற்ற எல்லோரும் விரிசல் விட்ட கூரையின் கீழ் வாழ வேண்டியிருந்த நிலைமைக்கு அது பரிகாரம். ஆனால் அந்த ஒருவருடைய பிடிவாதத்தில் நியாயம் இருந்தால் என்ன செய்வது என்ற கேள்வியும் அதே சட்டத்தோடு கூடப் பிறந்துவிட்டது.

முதலில் அநுகூலங்களைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பிராந்தியத்தில் முதற் பிரச்னை தண்ணீர். கோடையில் இல்லாமல் வதைக்கும். மழைக்காலத்தில் இருந்து வதைக்கும். கோடையில் தண்ணீர் லாரி வந்தாக வேண்டும். தனி வீட்டுக்காரர் லாரிக்காரரிடம் கெஞ்சுகிறார். இருபத்துநான்கு வீட்டுச் சங்கமோ மாதக் கணக்கு வைத்துப் பேரம் பேசுகிறது. மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் அவசியம் என்று 2003-ல் அரசாங்கம் உத்தரவிட்டபோது பல இடங்களில் குழாய் மட்டும் போட்டார்கள். குழி தூர்ந்து போயிற்று. எங்கள் கட்டடத்தில் அந்தக் குழியை வருஷந்தோறும் ஆடி மாதத்தில் தூர் எடுக்கிறார்கள். எடுக்கச் சொல்வது அசோசியேஷன்; எடுக்காவிட்டால் சத்தம் போடுவதற்கு இரண்டாவது மாடியில் ஓய்வு பெற்ற என்ஜினீயர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு சங்கத்துக்கும் இப்படி ஒருவரைக் கடவுள் அருள்வாராக!

1915-ல் அல்ல, நமக்கு நன்றாக நினைவிருக்கும் 2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்துக்கு வருகிறேன். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகும். நீர் போகும் வழியிலெல்லாம் மனிதர் வீடு கட்டிக்கொண்டபடியால், நீர் மனிதரைத் தேடி வந்தது. எங்கள் தரைத்தளத்தில் முழங்காலளவு தண்ணீர். மின்சாரம் இல்லை, செல்போன் இல்லை. அதற்கு முன் மாதம்வரை கார் நிறுத்தும் இடத்துக்காக ஒருவரோடு ஒருவர் பேசாதிருந்த இரு குடும்பத்தார், அன்று மூன்றாவது மாடியில் ஒரே அடுப்பில் சாதம் வடித்தார்கள். தரைத்தளத்துப் பாட்டியம்மாளை நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுபோன நால்வரில் நானும் ஒருவன். சங்கத்தின் கையிருப்புப் பணத்தில் வாங்கி வைத்திருந்த ஒரு டீஸல் ஜெனரேட்டர், நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடி எல்லோருக்கும் குடிநீர் ஏற்றித் தந்தது. தனித்தனி வீடுகளாயிருந்தால் அந்த நான்கு நாட்களை எப்படிக் கழித்திருப்போம் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாங்கள் சற்று ஆயத்தமாகவே இருந்தோம். மோட்டாரை ஓராள் உயரத்துக்குத் தூக்கி வைத்திருந்தோம். தீர்மானம் எண் 7. என் காரியதரிசிக் காலத்தில் நிறைவேறியது என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்றாவது அநுகூலம், குரலின் பலம். மாடிப்படி விளக்கு, மோட்டார் முதலிய பொது உபயோகத்துக்கான மின்சாரத்துக்கு 2022-ல் தனி விகிதம் ஏற்பட்டு, யூனிட்டுக்கு ரூ. 8 என்று ஆயிற்று. லிப்டு இல்லாத சிறு கட்டடங்களில் குடியிருந்த பென்ஷன்காரர்களெல்லாம் தவித்தார்கள். ஊருக்கு ஊர் சங்கங்கள் மனுச் செய்தன. 2023 அக்டோபரில், பத்து வீடுகளுக்கு மேற்படாமலும், மூன்று மாடிகளுக்கு மேற்படாமலும், லிப்டு இல்லாமலும் உள்ள கட்டடங்களுக்கு மட்டும் அது ரூ. 5.50 ஆகக் குறைக்கப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. தனி மனிதன் எழுதும் மனு குப்பைக் கூடைக்கு வழி தெரிந்துகொண்டே போகும். சங்கத்தின் முத்திரை பதிந்த மனு மேஜைமேல் கொஞ்ச நேரமாவது இளைப்பாறும்.

இனி மறுபக்கம்.

பணத்தைப் பங்கிடுவதில் ஆரம்பிக்கிறது வியாஜ்யம். வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாக வசூலிப்பதா, சதுர அடிக்கு இவ்வளவு என்று வசூலிப்பதா? சிறிய வீட்டுக்காரர் சதுர அடி என்பார். பெரிய வீட்டுக்காரர், "வாட்ச்மேன் என் வீட்டுக்கு மட்டும் இரண்டு முறை ஸலாம் போடுகிறானா?" என்று கேட்பார். தரைத்தளத்துக்காரர், தாம் ஏறாத லிப்டுக்குத் தாம் ஏன் கொடுக்க வேண்டும் என்பார். அப்படியானால் தலைக்கு மேலேயே இருக்கும் மொட்டை மாடி ஒழுகும்போது கடைசி மாடிக்காரர் மட்டும் ஏன் அழ வேண்டும் என்று பதில் வரும். இரு கட்சியிலும் தர்க்கம் இருக்கிறது. தர்க்கம் இரு கட்சியிலும் இருக்கும் சண்டைதான் தீராத சண்டை.

அடுத்தது, வராதவர்களின் ராஜ்யம். மகாசபைக்கு இருபத்துநான்கு பேர் வர வேண்டிய இடத்தில் ஒன்பது பேர் வருவார்கள். மற்றவர்கள் வாட்ஸப்பில் வருவார்கள். பொறுப்பேற்க யாரும் முன்வராதபோது, பொறுப்பை விரும்புகிற ஒருவரே பத்து வருஷம் காரியதரிசியாய் இருப்பார். ஆரம்பத்தில் அவர் தியாகி. நாலாம் வருஷத்தில் அதிகாரி. எட்டாம் வருஷத்தில் சக்கரவர்த்தி. கணக்குக் கேட்பவன் ராஜத்துரோகி ஆகிவிடுவான்.

இவையெல்லாம் சகித்துக்கொள்ளக் கூடியவையே. சகிக்கக் கூடாத ஒன்று உண்டு. பொதுக் குழாயையும் பொது விளக்கையும் பாதுகாக்கப் பிறந்த சங்கம், நாளடைவில் யார் இங்கே வாழத் தக்கவர் என்று தீர்மானிக்க ஆரம்பிக்கிறது. கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு வீடு தரலாகாது. மாமிசம் சமைப்பவர்களுக்குத் தரலாகாது. பாத்திரம் தேய்க்கும் அம்மாள் லிப்டில் ஏறலாகாது. இவற்றை உபவிதி என்று சொல்வது உபவிதிக்கே அவமானம். பம்பாயில் காம்தேவி என்னுமிடத்தில் 1915-ல் நம் தேசத்தின் முதல் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் ஒன்று தோன்றியது. நடுத்தர வர்க்கத்தார் சொந்த முயற்சியால் வீடு பெற்ற அந்தச் சாதனை மெச்சத் தகுந்தது. ஆனால் அது ஒரே சமூகத்தாரின் சங்கமாகவே அமைந்தது. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என்று கூட்டுறவு வீட்டுச் சங்கம் உபவிதி வைத்துக்கொள்வது செல்லும் என்று 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஆமதாபாத்துப் பார்ஸிகளின் வழக்கில் தீர்ப்பளித்தது. சட்டம் அப்படியிருக்கலாம். நம்முடைய மனச்சாட்சி என்ன சொல்கிறது என்பதே கேள்வி.

மனச்சாட்சியைப் பற்றிப் பேசும் யோக்கியதை எனக்கு எப்படி வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் காரியதரிசியாயிருந்த வருஷத்தில், வெளிதேசத்தில் வசிக்கும் சொந்தக்காரர் ஒருவர் பதினொரு மாதம் மெயின்டனன்ஸ் செலுத்தவில்லை. மாதம் ரூ. 2,500 வீதம் ரூ. 27,500 பாக்கி. கடிதத்துக்கும் டெலிபோனுக்கும் பதில் இல்லை. அவருடைய வீட்டில் ஒரு நர்ஸம்மாள், தாயாரோடும் சிறு பெண்ணோடும் வாடகைக்குக் குடியிருந்தாள். கமிட்டி கூடியது; அந்த வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவது என்று தீர்மானித்தது. "குடித்தனக்காரர் நெருக்கினால்தான் சொந்தக்காரர் பணம் அனுப்புவார்" என்றார்கள். எனக்கும் அது சாமர்த்தியமான யோசனையாகவே பட்டது. கையெழுத்துப் போட்டேன். சனிக்கிழமை காலை குழாய்க்காரர் மொட்டை மாடிக்குப் போய் அந்த வீட்டு வால்வை மூடினார்.

இரவு வேலை முடித்து அந்தப் பெண் பத்து மணிக்கு வந்தாள். சிறிது நேரத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் குடத்தோடு கீழே இறங்கி, வாட்ச்மேன் அறையின் குழாயடியில் வந்து நின்றாள். என்னைக் கண்டதும், "ஸார், நான் வாடகையோடு மெயின்டனன்ஸையும் சேர்த்து மாதா மாதம் அவருக்கு அனுப்பிவிட்டேனே! பாங்கி ரசீது இருக்கிறது. காட்டட்டுமா?" என்றாள். கோபமாய்ச் சொல்லியிருந்தால் நானும் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். அவள் சாதாரணமாகவே கேட்டாள். பதினொரு மாத காலத்தில் அந்த ரசீதைக் காட்டும்படி நான் ஒரு முறையேனும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பில் ஒரு பையன் செய்த குற்றத்துக்குப் பக்கத்துப் பையனை பெஞ்சுமேல் ஏற்றி நிறுத்துகிற உபாத்தியாயரை நான் மன்னித்ததே இல்லை. நான் செய்தது அதுவே.

வீட்டுக்குள் போனால் என் மனைவி, "அந்தப் பெண்ணின் குடத்தை நீங்கள் தூக்கிக் கொடுத்தீர்களா, அதற்கும் தீர்மானம் வேண்டுமா?" என்று கேட்டாள். பதில் சொல்லாமல் மாடி ஏறிப் போய் வால்வைத் திறந்தேன். கமிட்டியின் தீர்மானத்தைக் காரியதரிசியே மீறியதாக அடுத்த கூட்டத்தில் என்மீது கண்டனம் வந்தது; ஏற்றுக்கொண்டேன். பிறகு சட்டத்தைப் புரட்டினோம். வாடகைக் குடியிருப்புக்கான 2017-ம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம், குடிநீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தி வைத்து நெருக்குவதை வீட்டுச் சொந்தக்காரருக்கே தடுக்கிறது. சொந்தக்காரருக்கு இல்லாத உரிமை சங்கத்துக்கு எங்கிருந்து வரும்? கடைசியில், வாடகைக்கு இருப்பவர்கள் மெயின்டனன்ஸ் தொகையை நேரே சங்கத்துக்குச் செலுத்தி ரசீது பெறுவது, அதை வாடகையில் கழித்துக்கொள்வதற்குச் சொந்தக்காரரிடம் எழுத்து மூலம் சம்மதம் வாங்குவது என்று ஏற்பாடு செய்தோம். பழைய பாக்கியில் பாதி வந்துவிட்டது. மீதி இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

இந்தச் சங்கடங்கள் புதியவை என்று நினைக்க வேண்டாம். எங்கள் ஊரிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழனுடைய காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921-ம் வருஷத்தவை, இருக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை மூலம் உறுப்பினரை எடுத்து, சம்வத்ஸர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று நியமித்தார்கள். நம் பாடப் புத்தகங்கள் பெருமையோடு சொல்லும் சங்கதி இது. அந்த விதிகளைக் காரியதரிசியாயிருந்து அடிபட்டவன் படித்தால்தான் ருசி தெரியும். சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டிருப்பவராய் இருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். முந்திய மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவராய் இருக்கலாகாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர். பதவிக் காலம் 360 நாள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே, பத்து வருஷச் சக்கரவர்த்திகளை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள் என்று தெரிகிறது!

ஆனால் அந்தக் கல்லின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அது பிராமணச் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த வீடும் உள்ள புருஷர்களுக்கே அங்கே இடம். அந்த நிலத்தை உழுதவனுக்கும், ஏரியில் மண் சுமந்தவளுக்கும் குடத்தில் ஓலை இல்லை. ஏரி உடைந்தால் முதலில் நனைகிறவர்கள் அவர்களே. எங்கள் சங்கத்திலும் சொந்தக்காரருக்கே வாக்கு. வால்வை மூடினால் குடம் தூக்குகிறவருக்கு இல்லை. முன்னோருடைய கணக்கு ஒழுங்கை விட்டுவிட்டு, அவர்களுடைய வேலியை மட்டும் நாம் காப்பாற்றி வருகிறோமோ என்று சந்தேகமாயிருக்கிறது.

மதிற்சுவருக்கு வெளியே நிலைமை வேறு. பல்லாவரம் நகராட்சியில் இருந்த எங்கள் ஊர் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. வார்டு தோறும் பகுதி சபைகள் கூட வேண்டும் என்று விதி வந்து, 2022 நவம்பர் 1-ம் தேதி பம்மலில் நடந்த சபைக்கு முதலமைச்சர் ஸ்ரீ மு. க. ஸ்டாலின் அவர்களே வந்திருந்தார். அந்தச் சபையில் வீட்டுப் பத்திரம் யாரும் கேட்பதில்லை. அந்தப் பகுதியின் வாக்காளராயிருந்தால் போதும். சங்கத்தின் மோட்டாரை எவ்வளவு உயரத்தில் தூக்கி வைத்தாலும், தெருவின் வடிகால் அடைத்துக் கிடந்தால் வெள்ளம் உள்ளே வந்தே தீரும். வடிகாலும் ஏரியும் மதிலுக்கு வெளியே இருக்கின்றன. அங்கே பேசப் போகும்போது, சொந்தக்காரரும் வாடகைக்காரரும் சேர்ந்து போனால்தான் தலையெண்ணிக்கை கூடும்.

என் சிநேகிதருக்கு நான் சொன்ன யோசனைகள் இவை. அடுக்கு வீடு வாங்குமுன் சமையலறை மேடையைப் பார்ப்பது போலவே சங்கத்தின் உபவிதியையும், கடந்த மூன்று வருஷக் கணக்கையும் பாரும். கணக்கைக் காட்டத் தயங்கினால் வீட்டை வாங்கத் தயங்கும். கட்டடம் பழசானால் வெள்ளையடிக்கவும் லிப்டு மாற்றவும் தனி நிதி சேர்த்திருக்கிறார்களா என்று கேளும். காரியதரிசி எத்தனை வருஷமாய் ஒருவரே என்று விசாரியும். கடைசியாக, வேலைக்காரி மாடிக்கு எப்படி ஏறிப் போகிறாள் என்று வாசலில் நின்று கவனியும். மற்ற நான்கையும்விட அது உமக்கு அதிகம் சொல்லும்.

வாங்கிய பிறகு ஒன்றே ஒன்று. கூட்டத்துக்குப் போம். சங்கம் நல்லதா கெட்டதா என்று வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பவர்களாலேயே அது கெட்டதாகிறது. கீழ்க்கட்டளைக்கு மெட்ரோ ரயில் வரத் தூண் நட்டிருக்கிறார்கள். கட்டடங்கள் இன்னும் உயரும். பிரிக்கப்படாத பங்குகள் இன்னும் சுருங்கும். ஒரே கூரையின் கீழ் அந்நியரோடு சேர்ந்து வாழும் வித்தையை நாமும் நம் குழந்தைகளும் கற்றே ஆக வேண்டும்.

போன மகாசபையில், குடித்தனக்காரர்களும் கூட்டத்துக்கு வந்து பேசலாம், வாக்கு மட்டும் இல்லை என்று நான் கொண்டுவந்த பிரேரணை பதினொன்றுக்கு ஒன்பது என்ற கணக்கில் நிறைவேறியது. முதல் பேச்சு அந்த நர்ஸம்மாளுடையது. மொட்டை மாடித் தொட்டி எட்டு மாதமாய்க் கழுவப்படவில்லை, குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறு வருகிறது என்றாள். இருபத்துநான்கு சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மறுநாள் கரும்பலகையில், "ஞாயிறன்று தொட்டி கழுவப்படும், யாவரும் முந்திய இரவே தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும்" என்று எழுதியிருந்தது. அந்த ஒரு கட்டளையை மட்டும் நான் நின்று இரண்டு முறை படித்தேன்.